மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு எந்த நிகழ்ச்சியைப் போடலாம்? பார்த்துப் பார்த்து நான் சலித்தெடுத்தவை

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு போனில் படிக்கிறவர்களுக்குக் கடைசிவரை வர நேரம் இருக்காது. பள்ளிக்கூடம் சேராத, அல்லது இப்போதுதான் பிரீகேஜி, எல்கேஜி போகிற குழந்தைக்கு நான் தயங்காமல் போடச் சொல்வது மைட்டி லிட்டில் பீம், பிங்கு, பழைய டோரா, பஃபின் ராக். பெரியவர் யாராவது பக்கத்தில் உட்கார முடியும் என்றால் ப்ளூயி, பெப்பா பிக், தமிழ் ரைம்ஸ் சேனல்கள். இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம் என்பது ஷின்சான், மோட்டு பட்லு, டாம் அண்ட் ஜெர்ரி. கோகோமெலனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, அது கீழே.

எங்கள் வீட்டில் நான்கு வயதில் ஒரு மகள். ஹாலில் ஒரே டிவி, அதற்கு என் அம்மா, என் அப்பா, நாங்கள் இரண்டு பேர், அப்புறம் அவள் என்று ஐந்து பேர் போட்டி. இந்தச் சூழ்நிலையில் எதை வைப்பது என்று தேடும்போது கிடைத்த கட்டுரைகளில் முக்கால்வாசி அமெரிக்க வீடுகளுக்கு எழுதியவை, அங்கே சிபாரிசு செய்யும் பாதி நிகழ்ச்சிகள் இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் குழந்தைக்கு ஆங்கிலம் இன்னும் வரவில்லை. அதனால் நானே முழு எபிசோடாக உட்கார்ந்து பார்த்து முடிவு செய்ய ஆரம்பித்தேன். கெட்ட வார்த்தை இருக்கிறதா, சண்டை இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. நான் அதற்கு மேல் இரண்டு விஷயம் பார்க்கிறேன். நிகழ்ச்சி குழந்தைக்காகக் காத்திருக்கிறதா, டிவியை அணைத்த பிறகு குழந்தை என்ன செய்கிறது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய அளவுகோல். அணைத்த பிறகு பார்த்ததை வைத்து விளையாட ஆரம்பித்தால் அந்த நிகழ்ச்சி வேலை செய்திருக்கிறது. அணைத்ததும் மிரண்டு அழுது, அடுத்தது அடுத்தது என்று கேட்பது மட்டும்தான் நடக்கிறது என்றால், அதில் எத்தனை ஏபிசிடி சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு அது தேவையில்லை.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேர், மூன்று குழு. ஒரு குழுவுக்கு ஸ்பாஞ்ச்பாப் என்ற வேகமான கார்ட்டூன் 9 நிமிடம், இன்னொரு குழுவுக்கு நிதானமாகப் போகும் ஒரு கார்ட்டூன் 9 நிமிடம், மூன்றாவது குழுவுக்குக் காகிதமும் கலர் க்ரேயானும். முடிந்த உடனே, சொன்னதை நினைவில் வைத்து அதன்படி நடப்பது, ஆசைப்பட்டதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பொறுத்திருப்பது போன்ற சின்னச் சின்னச் சோதனைகள். வேகமான கார்ட்டூன் பார்த்த குழந்தைகள் மற்ற இரண்டு குழுவையும்விடத் தெளிவாகப் பின்தங்கினார்கள். அந்த வேகமான கார்ட்டூனில் சராசரியாக 11 விநாடிக்கு ஒரு முறை காட்சி இடம் மாறியது, நிதானமானதில் 34 விநாடிக்கு ஒரு முறை. இது பார்த்த உடனே தெரிந்த விளைவு மட்டும்தான், வருஷக்கணக்கில் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் டிவியை அணைத்த அடுத்த பத்து நிமிடத்தில் குழந்தை ஏன் எதற்கும் கட்டுப்படாமல் ஆடுகிறது என்று யோசித்த எந்தப் பெற்றோருக்கும் இது புரியும். நீங்களே சோதிக்கலாம். சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஒரு நிமிடம் பாருங்கள், எத்தனை முறை கோணம் மாறுகிறது என்று எண்ணுங்கள். பாட்டு இருக்கும்போது தெரியாத வேகம், பாட்டு இல்லாதபோது கண்ணில் அடிக்கும்.

சரி, கோகோமெலன், யூடியூபில் வரும் குழந்தைப் பாட்டு வீடியோக்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தெரியாதவர் இல்லை. படங்கள் அழகு, கதைகள் குளிப்பது, பல் தேய்ப்பது, காய்கறி சாப்பிடுவது என்று வீட்டு விஷயங்கள், கெட்டது ஒன்றும் கிடையாது. ஆனால் சத்தத்தை அணைத்துப் பார்த்தால் பல காட்சிகள் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் நிற்பதில்லை, நிற்கும் காட்சியிலும் கேமரா நகர்ந்துகொண்டே இருக்கிறது. இதைத் தயாரிக்கும் மூன்பக் நிறுவனம் லண்டனில் குழந்தைகளை வைத்துச் செய்யும் சோதனை பற்றி 2022இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியிருந்தது. குழந்தைக்கு எதிரே ஒரு திரையில் நிகழ்ச்சி ஓடும், கொஞ்சம் தள்ளி இன்னொரு சின்னத் திரையில் யாரோ காபி ஊற்றுவது, முடி வெட்டிக்கொள்வது மாதிரி சாதாரணக் காட்சிகள் ஓடும். குழந்தையின் கண் எப்போதெல்லாம் அந்தச் சின்னத் திரைப் பக்கம் போகிறதோ, அதைக் குறித்துக்கொள்வார்கள்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் தேடிப்போனால், 1969இல் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தை நிகழ்ச்சியும் ஏறக்குறைய இதே முறையைத்தான் பயன்படுத்தியிருக்கிறது. அந்தக் காலத்தில் நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் சில விநாடிக்கு ஒரு முறை ஸ்லைடு மாறும் திரையை வைத்து, குழந்தை எங்கே பார்க்கிறது என்று எட்வர்ட் பாமர் என்ற ஆய்வாளர் குறித்துக்கொண்டார். ஆக, கவனத்தைப் பிடிப்பது குற்றமில்லை. பிடித்த கவனத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. செசமி ஸ்ட்ரீட் குழுவினர் குழந்தை அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சோதித்தார்கள், பார்க்க வைத்ததோடு நிறுத்தவில்லை. கோகோமெலனில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் இடத்தில் குழந்தை மூச்சு விட ஒரு நொடி கிடைப்பதில்லை, பாதி நேரம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, பாடுவதுகூட இல்லை. நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஏற்கெனவே பழகிவிட்ட குழந்தை என்றால் ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, அதைப் போட்டு, நிறுத்தி, நீங்கள் அதைப் பாடிக்காட்டி, மறுபடி போடுங்கள். அப்போது வேகம் உங்கள் கையில்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் டோரா. 2000களின் பிற்பகுதியில் சுட்டி டிவியில் தமிழில் பார்த்த தலைமுறை இன்றைக்குப் பெற்றோர் ஆகிக்கொண்டிருக்கிறது. புஜ்ஜி என்றாலும், குள்ளநரி திருடக்கூடாது என்றாலும் அவர்களுக்கு உடனே ஞாபகம் வரும். பெரியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும் விஷயம்தான் அதன் பலம்: டோரா கேள்வி கேட்டுவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டு சும்மா நிற்பாள். பாலம் எங்கே, உனக்குத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு நிற்கும் அந்த இரண்டு மூன்று விநாடி குழந்தைக்குச் சொந்தமானது. எழுந்து நின்று டிவியைத் தொட்டுக் காட்டும், கத்தும், தப்பாகச் சொல்லும், அம்மாவைக் கேட்கும். இரண்டரை வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், டோராவும், அதைப் போலவே குழந்தையிடம் கேள்வி கேட்டுக் காத்திருக்கும் ப்ளூஸ் க்ளூஸும் பார்த்த குழந்தைகளிடம் சொல்வளம் கூடுதலாகவும், டெலிடபீஸ் பார்த்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது தெரிந்தது. எல்லாம் குழந்தை நிகழ்ச்சிதான், எல்லாம் டிவிதான், ஆனாலும் ஒன்று போல இல்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்கிறேன், எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள், எது என்றும் கேளுங்கள்.

ப்ளூஸ் க்ளூஸ் என்றதும் இன்னொன்று. 1996இல் அது தொடங்கியபோது ஒரே எபிசோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் திரும்ப ஒளிபரப்பினார்கள். பெரியவர்கள் கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். குழந்தைகள் நாளுக்கு நாள் அதிகமாகப் பதில் சொன்னார்கள், கவனமும் குறையவில்லை. அதனால் உங்கள் பிள்ளை ஒரே எபிசோடையே கேட்டு அடம்பிடித்தால் புதிதாக ஒன்றைத் திணிக்காதீர்கள். முதல் தடவை யார் யார் என்று பார்க்கும், அப்புறம் என்ன நடக்கிறது என்று பார்க்கும், பிறகுதான் ஏன் என்று புரியும். தினம் ஒரு புது வீடியோ தரும் யூடியூப் வழக்கம் இந்த வயதுக்கு ஒத்துவராதது.

எனக்கு மிகவும் பிடித்ததுக்கு வருகிறேன், மைட்டி லிட்டில் பீம். சோட்டா பீமை உருவாக்கிய ஹைதராபாத் கிரீன் கோல்ட் நிறுவனம் 2019இல் நெட்ஃப்ளிக்ஸுக்காகச் செய்தது. பெரிய பீமின் சண்டையும் வில்லன்களும் இதில் இல்லை, தவழ்ந்து நடக்கும் பாப்பா பீம், அவன் அம்மா, லட்டு, குரங்கு, ஊர்ச் சந்தை, மாடு, கோயில் திருவிழா. முக்கியமான விஷயம், இதில் வசனமே கிடையாது. மழலைச் சத்தம், சிரிப்பு, வாத்தியம், அவ்வளவுதான். தமிழ் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். டப்பிங் நன்றாக இருக்கிறதா என்ற கவலை இல்லை, ஆங்கிலம் புரியுமா என்ற கவலை இல்லை, கதையை நாம்தான் சொல்ல வேண்டும். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அய்யய்யோ, லட்டு எங்க போச்சு, இப்ப அவங்க அம்மா வந்தா என்ன சொல்லுவாங்க?" என்று ஆரம்பித்தால் போதும், ஏழெட்டு நிமிட எபிசோடுக்குப் பாட்டியும் பேத்தியும் அரை மணி நேரம் பேசுவார்கள். அந்தக் கதையில் வரும் முற்றம், சமையல் பாத்திரம், வாசல் கோலம் எல்லாம் குழந்தை நேரில் பார்த்தவை. வீட்டில் தாத்தா பாட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

குறை சொல்ல வேண்டுமென்றால், எல்லாச் சிக்கலும் கடைசியில் அவன் அசாத்திய பலத்தால் தீர்ந்துவிடுகிறது. சில எபிசோடுகளில் பொருட்கள் சரமாரியாக உடைகின்றன, துரத்தல் கொஞ்சம் நீள்கிறது. ஹோலி, தீபாவளி சிறப்புத் தொகுப்புகள் நன்றாக இருக்கின்றன, தீபாவளிக்கு முந்தைய வாரம் போட்டுப் பாருங்கள், கேள்விகள் கொட்டும்.

இதே வகையில் பிங்கு. சுவிட்சர்லாந்தில் செய்த களிமண் பொம்மைப் படம், 1990 முதல். பென்குயின் குடும்பம் பேசுவது எந்த நாட்டு மொழியும் இல்லை, ஆனால் தங்கைப் பாப்பா வந்ததும் அண்ணனுக்கு வரும் பொறாமை, அம்மா திட்டியதும் உதட்டைப் பிதுக்குவது, பயந்து ஓடி வருவது எல்லாம் எந்தக் குழந்தைக்கும் புரிகிறது. களிமண் பொம்மையை அசைத்து அசைத்து எடுத்ததால் அதன் நடையே நிதானம். வீட்டில் இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது என்றால் பிங்குவை விட்டுவிடாதீர்கள். ஷான் தி ஷீப்பும் வசனம் இல்லாததுதான், ஆனால் அதன் நகைச்சுவை கொஞ்சம் மூத்த குழந்தைக்கு, ஐந்து ஆறு வயதில் வைத்துக்கொள்ளலாம்.

பஃபின் ராக் பலருக்குத் தெரியாது, அதனால் இங்கே சத்தமாகச் சொல்கிறேன். அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் பங்கெடுத்துச் செய்தது. ஒரு தீவு, ஊனா என்ற பஃபின் (ஒரு வகைக் கடல்பறவை) குஞ்சு, அவள் குட்டித் தம்பி பாபா. கதை சொல்லும் குரல் ஒருவருடையது, மெதுவாக, சிரித்துக்கொண்டே, குழந்தையோடு சேர்ந்து வேடிக்கை பார்க்கிற மாதிரி. வில்லன் என்று யாரும் கிடையாது, பசித்த கடல்காகம் முட்டையைத் தேடி வருவதுதான் அதிகபட்ச ஆபத்து. ஆங்கிலம் வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோருக்கும் இது சரியாக வரும், ஏனென்றால் திரையில் நடப்பதையே அந்தக் குரல் சொல்கிறது, நண்டு போகும்போது நண்டைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் மகள் இதைப் பார்த்துவிட்டு மொட்டை மாடியில் மைனாவுக்குத் தண்ணீர் வைக்கக் கிளம்புகிறாள். தூங்குவதற்கு முன் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் நான் இதைத்தான் போடுவேன், ஆனால் தூங்கப் போகும் நேரத்தில் எதையும் போடாமல் இருப்பது இன்னும் நல்லது.

ப்ளூயி பற்றி எல்லோரும் புகழ்ந்து தள்ளிவிட்டார்கள், நானும் சேர்கிறேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் செய்தது, 2018இல் தொடங்கியது, ஒரு எபிசோட் ஏழு நிமிடம். நாய்க்குட்டிக் குடும்பம், ஆறு வயது அக்கா ப்ளூயி, நான்கு வயதுத் தங்கை பிங்கோ. பலூன் தரையில் விழாமல் தட்டிக்கொண்டே இருப்பது ஒரு முழு எபிசோட், அவ்வளவுதான் கதை. அணைத்த பிறகு என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம், வீட்டில் இருக்கும் பலூனைத் தேடிக்கொண்டு ஓடும். விளையாட்டை வாங்கித் தராமல், விளையாடும் விதத்தைக் காட்டுகிறது இந்த நிகழ்ச்சி, அது அபூர்வம். அதிலும் அந்த அப்பா பாண்டிட், களைத்துப்போயிருந்தாலும் தரையில் உருண்டு விளையாடுகிறார். நம் ஊர் அப்பாக்கள் குழந்தையோடு உட்கார்ந்து இதைப் பார்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஆஸ்திரேலிய ஆங்கிலம், வேகமான பேச்சு, சில எபிசோடுகள் உண்மையில் பெற்றோரை அழவைக்க எழுதியவை. மூன்று வயதுக் குழந்தை தனியாகப் பார்த்தால் பாதி போய்விடும், நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்ல ஆள் வேண்டும்.

பெப்பா பிக் 2004இல் வந்தது, ஐந்து நிமிடம், தட்டையான எளிய படம், நிதானம். குறை சொல்ல அதிகமில்லை. அப்பா பன்றியின் தொப்பையைக் கேலி செய்வது திரும்பத் திரும்ப வருகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை, நம் வீடுகளில் ஏற்கெனவே குண்டு, ஒல்லி, கறுப்பு என்று பேசுவது போதும். ஆரம்ப எபிசோடுகளில் காரில் யாரும் சீட் பெல்ட் போடாமல் போவார்கள், பெற்றோர்கள் கேட்ட பிறகு படத்தில் பெல்ட் சேர்த்தார்கள். தயாரிப்பாளர்கள் பெற்றோர் சொல்வதைக் கேட்பார்கள் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம், எழுதிப் போடுங்கள்.

இப்போது வேண்டாம் என்ற பட்டியல். ஷின்சான் தமிழில் கேட்கச் சிரிப்பாக இருக்கும், மறுக்கவில்லை, டப்பிங் குரல்களுக்கே ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. ஆனால் அது பிறந்த இடம் தெரியுமா? 1990இல் ஜப்பானில் பெரியவர்கள் படிக்கும் காமிக்ஸ் வார இதழில் வந்த தொடர் அது. ஐந்து வயதுப் பையனைப் பற்றியது என்பதால் ஐந்து வயதுப் பையனுக்கானது ஆகிவிடாது. பெண்களைப் பார்த்து வழிவது, அம்மாவின் உடம்பைக் கேலி செய்வது, பேண்ட்டைக் கழற்றி ஆடுவது எல்லாம் பெரியவர்கள் சிரிக்க எழுதியவை. இந்தியாவில் 2008இல் அரசு தலையிட்டு நிறுத்தி, பிறகு வெட்டித் திருத்தித்தான் மறுபடி வந்தது. நான்கு வயதுக் குழந்தைக்குக் கேலி என்பது புரியாது, பேசும் விதம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். டாம் அண்ட் ஜெர்ரியும் அப்படித்தான், 1940 முதல் திரையரங்குகளில் படத்துக்கு முன்னால் எல்லா வயதினருக்கும் காட்ட எடுத்த குறும்படங்கள். வாணலியால் அடித்தால் தட்டையாகி அடுத்த நொடி எழுந்து நிற்பது கற்பனை என்று தெரிந்துகொள்ள இன்னும் சில வயது ஆகட்டும். மோட்டு பட்லுவில் சமோசாவும் துரத்தலும் அடியும்தான் நிறைய. ஏழெட்டு வயதில் பார்த்தால் பார்க்கட்டும்.

ரைம்ஸ் சேனல்கள் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு, உலகம் முழுக்கப் பார்க்கும் சூச்சூ டிவி சென்னையில் 2013இல் தொடங்கியது. அவர்களுடைய தமிழ்ச் சேனலும், பெங்களூரின் இன்ஃபோபெல்ஸ் வெளியிடும் தமிழ்ப் பாட்டுகளும் வார்த்தைகள் தெளிவாக, தாளம் பிடித்து ஆடும்படி இருக்கின்றன. கலரும் அசைவும் கண்ணைக் கூசும் அளவுக்கு இருப்பதுதான் என் குறை. எழுந்து கூடவே ஆடிப் பாடினால் நல்லது, மல்லாந்து படுத்துப் பார்த்தால் நிறுத்துங்கள். ஒரு மணி நேரத் தொகுப்பாக வரும் வீடியோக்களைத் தொடவே தொடாதீர்கள், எங்கே நிறுத்துவது என்று அதில் வழியே கிடையாது. பாட்டு மட்டும் போதும் என்றால் திரையைக் கவிழ்த்து வைத்துக் கேட்கலாம், குழந்தைக்குக் குறை ஒன்றும் வராது.

யூடியூப் கிட்ஸ் ஆப்பைப் பற்றி. 2016இல் இந்தியாவுக்கு வந்தது, இலவசம், விளம்பரம் உண்டு. அப்படியே இறக்கிக் குழந்தை கையில் கொடுத்தால் அது பெரிய யூடியூபின் சின்னத் தம்பி, அவ்வளவே. 2017இல் தெரிந்த கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து யார் யாரோ செய்த அருவருப்பான வீடியோக்கள் வடிகட்டலில் தப்பி இதற்குள்ளேயே வந்து பெரிய சர்ச்சை ஆனது. ஆனால் அமைப்புக்குள் போனால் இந்த ஆப் உண்மையில் நல்ல கருவி. பெற்றோர் அனுமதித்த வீடியோக்கள் மட்டும் என்ற முறை ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் பார்த்துச் சேர்த்த சேனல், நீங்கள் சேர்த்த வீடியோ தவிர வேறு எதுவும் வராது, தேடும் வசதியும் அணைந்துவிடும். தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்திவிடுங்கள். டைமர் வைக்கலாம், நேரம் முடிந்ததும் ஆப்பே பூட்டிக்கொள்ளும், நாம் பிடுங்கியதாகக் குழந்தை நினைக்காது. பெற்றோர் பகுதிக்குள் போக ஒரு பெருக்கல் கணக்குக் கேட்கும், அதற்குப் பதில் சொந்தமாக ஒரு கடவு எண் வைத்துவிடுங்கள், ஏனென்றால் வீட்டில் மூத்த பிள்ளைகள் இருந்தால் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தட்டிவிடுவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், இதைப் போனில் வேண்டாம், டிவியில் போடுங்கள். போனில் குழந்தை தனியாக, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, பாதியில் தள்ளித் தள்ளிப் பார்க்கும். டிவியில் அதே எபிசோடை ஹாலில் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம், யாராவது ஏதாவது பேசுவோம்.

கூட உட்காருவது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டேனியல் டைகர் என்ற அமெரிக்க நிகழ்ச்சியை வைத்து டெக்சாஸில் 2016இல் வெளியான ஆய்வில், அதைப் பார்த்த குழந்தைகளிடம் அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ளும் குணம் கூடியது, ஆனால் டிவியில் பார்த்ததைப் பற்றி வழக்கமாகக் குழந்தையோடு பேசும் வீடுகளில்தான் அப்படிக் கூடியது. சும்மா ஓடவிட்ட வீடுகளில் இல்லை. இதற்குப் பெரிய கல்வித் தகுதி ஒன்றும் வேண்டாம். ஏன் அழுகிறான், இப்போது என்ன செய்வான், நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று மூன்று கேள்வி போதும்.

இன்னொரு விஷயமும் இந்தத் தேர்வுக்குள் வருகிறது, யாரும் அதைக் குழந்தை நிகழ்ச்சியாக எண்ணுவதில்லை. சீரியல். பெரியவர்கள் பார்க்கிறார்கள், குழந்தை தரையில் விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். 2008இல் வந்த ஓர் ஆய்வில் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளைப் பொம்மைகளோடு விட்டு, பாதி நேரம் பின்னால் பெரியவர்களுக்கான ஒரு வினாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். குழந்தைகள் டிவியை அதிகம் பார்க்கவேயில்லை, ஆனாலும் விளையாட்டு துண்டு துண்டாக அறுந்தது, ஒரு பொம்மையோடு இருக்கும் நேரம் குறைந்தது. வினாடி வினாவுக்கே இப்படி என்றால், ஒரு கன்னத்தில் அறைந்ததை மூன்று கோணத்தில் இடிச் சத்தத்தோடு காட்டும் நம் சீரியலுக்கு எப்படி இருக்கும். இதை என் அம்மாவிடம் சண்டையாகச் சொல்லவில்லை, அவருக்கும் நாள் முழுக்க அதுதான் ஓய்வு. குழந்தை தூங்கிய பிறகு, அல்லது கீழே விளையாடப் போகும்போது என்று நேரத்தை மாற்றிக்கொண்டோம், விட்டுப்போனதை ஆப்பில் பார்த்துக்கொள்கிறார்.

சோறு ஊட்டும்போது போடுவதா என்று கேட்பவர்களுக்கு, எந்த நல்ல நிகழ்ச்சியாக இருந்தாலும் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள். வயிறு நிறைந்தது தெரியாமல் வாங்கிக்கொள்ளும், நாளைக்கு அது இல்லாமல் வாயைத் திறக்காது. டிவி சேனலாகப் போடுகிறவர்கள் இடையில் வரும் சாக்லேட், சத்துப்பானம், பொம்மை விளம்பரங்களையும் கணக்கில் வையுங்கள், இந்த வயதில் விளம்பரம் வேறு, கதை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நேரக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், ஐந்து வரை ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் மேற்பார்வையில் என்கிறது. மேலே நான் எழுதியது எதுவும் இரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு இல்லை. வெளியூரில் இருக்கும் தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவது வேறு, அங்கே எதிரே ஒரு மனிதர் பதில் சொல்கிறார்.

இப்போதைக்கு எங்கள் வீட்டில் சாயங்காலம் பால் குடித்த பிறகு இரண்டு எபிசோட், அவளே தேர்ந்தெடுப்பாள், நான் வைத்திருக்கும் நான்கைந்துக்குள். ஐந்து வயது ஆகும்போது பிபிசியின் நம்பர்ப்ளாக்ஸைச் சேர்க்க நினைத்திருக்கிறேன், எண்களைக் கட்டைகளாக அடுக்கிக் காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தமிழிலேயே எழுதி, தமிழ்நாட்டுத் தெருவில் நடக்கும், வேகமில்லாத, பாட்டு மட்டும் இல்லாமல் கதையும் சொல்லும் ஒரு நல்ல தொடரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் இத்தனை அனிமேஷன் ஸ்டுடியோக்களும் இத்தனை திறமைசாலிகளும் இருக்கும்போது யாராவது அதைச் செய்ய வேண்டும், முதல் நாளே சந்தா கட்டி வாங்குவேன்.